தேக்கடிக்கு ஒரு நாள்: சுற்றுலாத் திட்டமே பாடமாக

எட்டாம் வகுப்புக்குச் சுற்றுலா என்றதும் பிள்ளைகள் முதலில் கேட்டது "எங்கே டீச்சர்?" என்பதைத்தான். இம்முறை இடத்தை மட்டும் நான் சொன்னேன். மற்றதைத் திட்டமிடும் வேலையை அவர்களிடமே விட்டேன். எங்கள் பள்ளி மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது. இங்குள்ள வயல்களுக்குப் பெரியாறு கால்வாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். அதனால்தான் தேக்கடி.

ஒரு விளக்கத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தேக்கடியில் நாம் பார்ப்பது நீர்த்தேக்கத்தைத்தான். முல்லைப் பெரியாறு அணை காட்டுக்குள் வெகு தொலைவில் இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் அங்கே போவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

திட்டமிடலுக்கு ஒரு வாரம் முன்பே செய்தித்தாளில் வரும் அணை நீர்மட்டத்தைத் தினமும் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். பெரியாறு அணையில் தேக்க அனுமதிக்கப்பட்ட அளவு 142 அடி. 104 அடிக்குக் கீழே போனால் தமிழகப் பக்கம் தண்ணீர் வராது. "அப்படின்னா நமக்கு 38 அடிதானா?" என்று ஒரு மாணவன் கேட்டான். கழித்தல் கணக்கு அங்கே வேறொன்றாக மாறிவிட்டது. மேற்கே ஓடும் ஆற்றை 1895-இல் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பிய கதையை அதன் பிறகு சொன்னால்தான் மனத்தில் நிற்கிறது. பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். அந்தச் சுரங்கத்தைத்தான் அறியமாட்டார்கள்.

அடுத்தது நேரம். மேலூரிலிருந்து மதுரை, தேனி வழியாகக் குமுளிக்குச் சுமார் 165 கி.மீ. ஒரு குழு மணிக்கு 60 கி.மீ. என்று வைத்து 2 மணி 45 நிமிடம் என எழுதியது. பேருந்து ஓட்டும் ஒரு தந்தையிடம் அதைக் காட்டச் சொன்னேன். "லோயர் கேம்ப் தாண்டினா மலைப்பாதைம்மா. பிள்ளைங்க வாந்தி எடுக்கும், நிறுத்தி நிறுத்தித்தான் போகணும்" என்றாராம். மறுநாள் அட்டவணையில் காலை உணவுக்கு அரை மணி, இரண்டு கழிப்பறை நிறுத்தங்கள், ராட்சதக் குழாய்களில் தண்ணீர் இறங்கும் லோயர் கேம்ப் மின்நிலையத்தைச் சாலையிலிருந்து பார்க்கப் பத்து நிமிடம் ஆகியவை சேர்ந்தன. புறப்பாடு காலை 5 மணி என்றானது. சராசரி வேகம் என்ற பாடத்தை இதைவிட நன்றாக என்னால் நடத்தியிருக்க முடியாது.

கேரள எல்லையைத் தாண்டுவதால் வாகனத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இதை ஆசிரியர்தான் பார்க்க வேண்டும். படகு நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பதால் பிள்ளைகள் வாழையிலையில் கட்டிய புளியோதரை என்று முடிவு செய்தார்கள். உணவகச் செலவு மிச்சமானதில், பணம் தர இயலாத பிள்ளைகளும் வர வழி பிறந்தது.

நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது படகுக்குத்தான். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஓர் அகன்ற தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தட்டை மிதக்கவிட்டு, கூழாங்கற்களைப் பரவலாக வைத்தோம். தட்டு அசையவில்லை. அதே கற்களை ஒரு விளிம்புக்கு நகர்த்தியதும் தண்ணீர் உள்ளே ஏறியது. பிறகு தட்டின் நடுவில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, கற்களை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். லேசாகத் தொட்டாலே ஆடியது. ஈர்ப்பு மையம் உயர்ந்தால் நிலைத்தன்மை குறையும் என்பதற்கு அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று ஒரு தாயும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். மகளை அனுப்ப முடியாது என்று சொல்ல வந்தவர். சோதனையைப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டை எல்லாரும் கட்டிட்டாங்களான்னு யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதிலிருந்து பிள்ளைகள் விதிகளை எழுதினார்கள். இருவர் இருவராக ஒருவர் ஜாக்கெட்டை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர் எல்லாரையும் பார்த்த பிறகே படகு நகரலாம். விலங்கைக் கண்டவர் கையைத் தூக்கித் திசை சொல்ல வேண்டும், ஒருவரும் எழக்கூடாது. "யானை வந்தாலுமா?" என்றான் ஒருவன். யானை வந்தாலும்தான் என்று வகுப்பே சொன்னது.

அந்தத் தாய் பயணத்துக்குக் கையெழுத்திட்டார், படகுக்கு இடவில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஒப்புதல் கடிதத்தில் பயணத்துக்கும் படகுக்கும் தனித்தனிக் கையெழுத்து வாங்குவது நல்லது. கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கென ஓர் ஆசிரியரை ஒதுக்கினோம். வேலையும் கொடுத்தோம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் பட்டுப்போன தண்டுகள் இன்றும் ஏரியில் நிற்கின்றன. அவற்றில் அமரும் நீர்க்காகங்களையும் பாம்புத்தாராக்களையும் எண்ண வேண்டும். ஒரு தண்டையாவது வரைய வேண்டும். இதைக் கேட்டபின், படகுக்குப் பெயர் கொடுத்திருந்த இருவர் கரைக்கு மாற்றிக்கொண்டார்கள்.