வயலின் மடியில் நழுவுகிறதா?

கர்னாடக முறையில் தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு:

1. சப்பணமிட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னே தள்ளுங்கள். வயலின் தலைச்சுருள் வலது கணுக்காலில் பதியட்டும். அடிப்பாகம் இடது தோளுக்குக் கீழே, மார்போடு சாயட்டும். இந்த இரண்டு இடமும்தான் வயலினைத் தாங்க வேண்டும். இடது கை தாங்கினால் கமகத்துக்கு விரல் சறுக்காது. கையை எடுத்துப் பாருங்கள். வயலின் அசையாமல் நின்றால் சரி.

2. வழுக்கும் துணி வேண்டாம். பட்டுப்பாவாடை கச்சேரிக்கு அழகு, பயிற்சிக்குப் பருத்திதான்.

3. கட்டைவிரலால் வயலின் கழுத்தை நெரிக்காதீர்கள். பிடி இறுகினால் மற்ற விரல்களும் இறுகும்.

4. தந்தியை விரல் நுனியால் அழுத்துங்கள். தட்டையாக வைத்தால் பக்கத்துத் தந்தியிலும் படும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

5. வில்லைப் பிடிக்கும்போது வலது கட்டைவிரல் சற்று மடங்கியிருக்கட்டும். சுண்டுவிரல் நுனி குச்சியின் மேல் நிற்கட்டும். வில்லின் எடையைச் சமன் செய்வது அந்தச் சின்ன விரல்தான்.

6. குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவே, குதிரைக்கு இணையாக வில்லை இழுங்கள். கோணினால் கீச்சிடும். எதிரே கண்ணாடி வைத்துக்கொண்டால், வீட்டார் முறைப்பதற்கு முன் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

7. கால் மரத்தால் எழுந்து நடங்கள். மரத்த காலோடு உட்கார்ந்தால் முதுகு கூனும்.