குதிரைக்குட்டியின் முதல் ஆண்டு: மாடு வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரியும் கத்தியவாரும் நாட்டு மட்டக்குதிரைகளும் வந்து சேர்கின்றன. அவற்றை வாங்கிப் போகிறவர்களில் பலர் தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள். தொழுவமும் தீவனமும் கை நிறைய அனுபவமும் அவர்களிடம் உண்டு. ஆனால் வாங்கிய குதிரை சினையாகிக் குட்டி போடும்போது, அந்த அனுபவத்தில் பாதிதான் உதவும். மீதிப் பாதி குட்டிக்கு ஆபத்தாகவே முடியும். பசுவுக்குக் காத்திருக்கலாம் என்கிற இடத்தில் குதிரைக்கு ஓடியாக வேண்டும். கன்றை இழுக்கலாம் என்கிற இடத்தில் குட்டியை இழுக்கவே கூடாது. அந்த வேறுபாடுகளை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

பிறப்பதற்கு முன்

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். 320 நாளிலும் ஈனலாம், 360 நாள் தாண்டியும் போகலாம். ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். ஈனப்போகும் இடத்திலேயே தாயை ஒரு மாதம் முன்னதாகக் கட்டிப் பழக்குவதும் இதற்காகத்தான். அந்த இடத்துக் கிருமிகளுக்கு எதிரான சக்தி தாயின் உடலில் உருவாகி, பாலில் இறங்க நேரம் வேண்டும். தரையில் மணல் வேண்டாம். சுத்தமான வைக்கோல் தடிமனாகப் பரப்புங்கள். காம்பு நுனியில் மெழுகுபோல் மஞ்சள் துளி திரண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈனும், அதுவும் அநேகமாக இரவில்.

முதல் 24 மணி நேரம்

பனிக்குடம் உடைந்தபின் குட்டி வெளியே வர இருபது, முப்பது நிமிடம்தான். அதற்குமேல் தாமதமானால் மருத்துவர் அருகில் இருந்தாக வேண்டும்; பசுவுக்குப் பொறுத்திருப்பதுபோல் பொறுத்திருந்தால் குட்டி கிடைக்காது. முதலில் தெரிய வேண்டியது வெண்மையான, மெல்லிய சவ்வு. அதற்குப் பதில் வெல்வெட் துணிபோலச் சிவந்த பை வந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். குட்டிக்கு உள்ளே மூச்சுக்காற்று நின்றுபோகிறது. மருத்துவருக்காகக் காத்திராமல் அந்தப் பையை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுங்கள்.

தொப்புள் கொடியை வெட்ட வேண்டாம். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ தானாக அறுந்துவிடும். அறுந்த முனையைத் தண்ணீரில் கலந்த போவிடோன் அயோடினிலோ 0.5 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலிலோ நனைத்து, அடுத்த சில நாள் தினமும் இரண்டு மூன்று முறை அதையே செய்யுங்கள். வீரியமான அயோடினை அப்படியே ஊற்றினால் தோல் வெந்துபோகும். தொப்புள் வழியே ஏறும் கிருமி மூட்டுகளில் தங்கினால் குட்டி நொண்டியாகிவிடும்.

பிறகு மணியைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இந்த மூன்றாவதில்தான் மாட்டுக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். பசுவுக்குக் கொடி விழ அரை நாள் ஆனாலும் பெரிய கவலை இல்லை. குதிரைக்கு மூன்று மணி தாண்டினால் அது அவசரம்: கருப்பையில் நஞ்சேறி, குளம்பு அழற்சி வந்து, தாயே நிற்க முடியாமல் போகலாம். தொங்கும் கொடியை இழுக்கவோ அதில் கல் கட்டவோ கூடாது. மிதிபடாமல் மேலே முடிந்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். விழுந்த கொடியைப் புதைத்துவிடாமல், முழுதாக இருக்கிறதா என்று அவர் பார்க்கும்வரை வாளியில் போட்டு வையுங்கள்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் திறனும் குடலுக்கு முதல் சில மணி நேரமே நன்றாக இருக்கும். ஒரு நாள் கழிந்தால் அந்தக் கதவு மூடிவிடும். எனவே முதல் ஆறு மணிக்குள் குறைந்தது ஒரு லிட்டர் உள்ளே போயிருக்க வேண்டும். குட்டி மடிக்கடியில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, குடிக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். விழுங்கும் சத்தம் கேட்கிறதா, காம்பு ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குட்டியின் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் பால் வழிந்து காய்ந்திருந்தால், மடி நிரம்பிச் சொட்டுகிறது, குட்டி குடிக்கவில்லை என்று அர்த்தம். குட்டியிடம் நோய் தொடங்கும்போது முதலில் கண்ணில் படும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. சந்தேகம் இருந்தால் 18 முதல் 24 மணிக்குள் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறைவென்றால் பிளாஸ்மா ஏற்றலாம்.

கறுப்பான முதல் சாணம் ஒரு நாளுக்குள் வெளியேற வேண்டும். ஆண் குட்டிகளுக்கு இது அடைத்துக்கொள்வது அதிகம். வாலைத் தூக்கித் தூக்கி முக்குவது, படுத்துப் புரள்வது இதன் அறிகுறிகள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வரும் லேசான கழிச்சலுக்குப் பயப்பட வேண்டாம். குட்டி துள்ளலாக, பால் குடித்துக்கொண்டிருந்தால் வால் அடியைக் கழுவிவிட்டால் போதும். சோர்ந்து படுத்தால் அது வேறு கதை, உடனே காட்டுங்கள். தாயின் சாணத்தைக் குட்டி தின்பதும் இயல்புதான்.

கை பழகுதல்: முதலில் தாய்

பிறந்தவுடன் குட்டியைப் படுக்கவைத்து உடல் முழுக்கத் தேய்த்துப் பழக்கும் முறையை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ராபர்ட் மில்லர் பரப்பினார். பின்னால் நடந்த ஆய்வுகளில் அதனால் நீடித்த பலன் தென்படவில்லை. அதைவிட எளிய வழி பிரான்ஸிலிருந்து வந்தது. மார்ட்டின் ஹவுஸ்பெர்கர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், குட்டி பிறந்த முதல் ஐந்து நாள், தினமும் கால் மணி நேரம் தாயை மட்டும் தடவி, பிரஷ் போட்டார்கள். குட்டியைத் தொடவே இல்லை. அந்தக் குட்டிகள் மாதங்கள் கழித்தும் மனிதர்களிடம் பயமின்றி நெருங்கின. நான் பரிந்துரைப்பதும் இதையே. தாயின் தோளருகே நின்று நிதானமாகத் தேயுங்கள். குட்டி தாய்க்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், பிறகு உங்கள் முழங்கையை முகரும். அப்போதும் கையை நீட்டாதீர்கள். அதுவே வந்து உரசியபின் பிடரியடியில் சொறிந்துகொடுங்கள்.

குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூடிப் பல்லைக் கிட்டினால் கடிக்க வருகிறது என்று எண்ணி அடித்துவிடாதீர்கள். பெரிய குதிரைகளின் முன் ‘நான் சின்னவன்’ என்று காட்டும் சைகை அது.

தலைக்கயிறும் நடையும்

இரண்டாம் வாரத்தில் மென்மையான தோல் அல்லது பருத்தித் தலைக்கயிறு போட்டுப் பழக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டிவிட்டு விட்டால் பின்னங்காலால் காதைச் சொறியும்போது குளம்பு அதில் சிக்கும். அதோடு, தலை வாரா வாரம் வளர்வதால் கயிறு மூக்கெலும்பில் பதிந்துவிடும்.

இனி முக்கியமான இடம். முன்னால் நின்று இழுக்காதீர்கள். கன்று முரண்டு பிடித்தாலும் கடைசியில் வந்துவிடும். குட்டி பின்னோக்கி எகிறி, மல்லாந்து விழும். உச்சந்தலை தரையில் மோதினால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து அங்கேயே உயிர் போகலாம். முளையடித்துக் கட்டுவதும் இதே காரணத்துக்காக இந்த வயதில் கூடாது.

மூன்று மீட்டர் பருத்திக் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியின் புட்டத்தைச் சுற்றிப் போட்டு, இரு முனையையும் முதுகுக்கு மேல் வலது கையில் பிடியுங்கள். இடது கையில் தலைக்கயிறு, தளர்வாக. இன்னொருவர் தாயை முன்னால் நடத்திச் செல்லட்டும். குட்டி நின்றால் தலையை இழுக்காமல், புட்டத்துக் கயிற்றைச் சற்றே இறுக்குங்கள். ஒரு கால் முன்னே வைத்த அந்த நொடியே தளர்த்துங்கள். குட்டிக்குப் பாடம் கிடைப்பது தளர்த்தும் அந்த நொடியில்தான். தாமதமாகத் தளர்த்தினால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. நேராக நகர மறுத்தால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். சமநிலைக்காக ஒரு கால் எடுத்து வைத்தே தீரும். ஐந்து நிமிடம் போதும். நன்றாகச் செய்தபோது நிறுத்திவிட வேண்டும், அலுத்துத் திமிறும்வரை இழுக்கக் கூடாது.

கால் தூக்கப் பழக்குவதும் இதே வயதில். தோளிலிருந்து கையை வழுக்கிக்கொண்டே கீழே கொண்டுபோய், கணுவுக்கு மேல் லேசாக அழுத்தி, குளம்பைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, குட்டி பிடுங்குவதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள். நாளாக நாளாக நேரத்தைக் கூட்டலாம். லாடம் கட்டுகிறவர் பிற்பாடு உங்களுக்கு நன்றி சொல்வார்.

கையிலிருந்து வெல்லம் ஊட்டாதீர்கள். அன்பாகத் தொடங்கி, சட்டைப்பையைக் கடிப்பதில் முடியும். முன்னங்கால்களைத் தோளில் தூக்கிப் போடுவதைச் சிரித்து ரசிப்பதும் வேண்டாம். முப்பத்தைந்து கிலோவில் அது விளையாட்டு. ஒரு வருடத்தில் இருநூறு கிலோவைத் தாண்டியபின் அதே குட்டி உங்கள் விலா எலும்பை உடைக்கும். முதல் முறையே முழங்கையால் தள்ளி நிறுத்துங்கள். தாயில்லாக் குட்டிகளுக்கு இன்னொரு குதிரையின் துணை அவசியம். மனிதர்களோடு மட்டுமே வளர்ந்த ஆண் குட்டிதான் பின்னாளில் மிகவும் ஆபத்தானது.

தீவனம்

மூன்றாம் மாதத்திலிருந்து தாய்ப்பால் குறையத் தொடங்கும். தாய் நுழைய முடியாத சின்ன அடைப்புக்குள் குட்டிக்கெனத் தனித்தீவனம் வையுங்கள். தானியம் 100 கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். வேகமாகக் கொழுக்கவைத்த குட்டிக்கு மூட்டுக் குருத்தெலும்பு பழுதாகும். விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

நம் பக்கத்தில் குதிரைத் தீவனம் என்றால் கோதுமைத் தவிடும் கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு இருக்கிறது. வளரும் எலும்புக்கு வேண்டியதோ நேர் எதிர்: கால்சியம் பாஸ்பரஸைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பசும்புல்லிலும் ஒரு பொறி உண்டு. கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல்லிலும் கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் அதிகம். மாட்டின் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் வயிற்றில் அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், நாளடைவில் முகத்தெலும்பு வீங்கும், கால் நொண்டும். அந்தப் புற்களையே முழுத் தீவனமாக்காமல் அறுகம்புல்லை அடிப்படையாக வைத்து, குதிரை மசாலைச் சேர்த்துக் கொடுங்கள். குதிரை மசாலில் கால்சியம் தாராளம். தவிட்டைக் கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள்.

கோழித்தீவனம் குதிரை வாயருகே போகவே கூடாது. அதில் சேர்க்கப்படும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பு, குதிரைக்கு இதயத்தசையை அழிக்கும் நஞ்சு. மாற்று மருந்து கிடையாது. நாமக்கல் பக்கம் பண்ணையும் லாயமும் ஒரே தோட்டத்தில் இருப்பவர்கள் மூட்டைகளைத் தனிக் கொட்டகையில் பூட்டி வையுங்கள். கலப்புத் தீவனம் எதை வாங்கினாலும், மாட்டுக்கானதாக இருந்தாலும், இவை கலந்திருக்கின்றனவா என்று கேளுங்கள்.

குளம்பு, ஊசி, வேலி

முதல் குளம்புச் சீவல் ஒன்றிரண்டு மாதத்தில், பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை. கணு கோணலாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் காட்ட வேண்டும். அங்கே எலும்பு வளர்ச்சித் தட்டு சீக்கிரம் வேகம் குறைந்துவிடும். சந்தையில் சுழி பார்க்கும் நேரத்தில் பாதியைக் கால் பார்க்கச் செலவிடலாம்.

குடற்புழு மருந்து இரண்டு, மூன்றாம் மாதத்தில் தொடங்கட்டும்; எந்த மருந்து, எவ்வளவு என்பதைச் சாணப் பரிசோதனையோடு மருத்துவர் சொல்லட்டும். டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசிகள் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள். தாய்க்கு ஊசி போடாமல் விட்டிருந்தால் பிறந்த அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். குட்டிக்கு டெட்டனஸ் எதிர்நச்சு ஊசி தேவைப்படும்.

முள்கம்பி வேலியை அகற்றுங்கள். மாடு அதில் உரசி நிற்கும். மிரண்ட குட்டி அதனூடே பாயும். கல்சுவரோ மரச்சட்டமோ நல்லது.

பால் மறக்கடித்தல்

ஆறாம் மாதம் பொருத்தமானது. நான்குக்கு முன் வேண்டாம். ஒரே நாளில் தாயை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவது குட்டியை உலுக்கிவிடும். உறுதியான சட்ட வேலிக்கு இருபுறமும் வைத்து, ஒன்றையொன்று பார்த்து முகர விட்டு, பால் மட்டும் கிடைக்காமல் செய்யுங்கள். குட்டியோடு சாதுவான மூத்த குதிரையோ இன்னொரு குட்டியோ இருக்கட்டும். தாய்க்குத் தானியத்தைக் குறையுங்கள். மடி வீங்கினாலும் கறக்க வேண்டாம். கறந்தால் சுரந்துகொண்டே இருக்கும். மடி சூடாகி, தாய்க்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் மருத்துவம்.

ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம்

ஒரு வயதில் குட்டி முழு உயரத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடும். அதைப் பார்த்து அவசரப்படுகிறவர்கள் அதிகம். முழங்காலின் வளர்ச்சித் தட்டு மூடவே இரண்டு வயதுக்கு மேலாகும். முதுகெலும்புக்கு ஐந்து வயதைத் தாண்டும். ஆகவே ஊர்வலத்தில் குழந்தையைக்கூட மேலே உட்காரவைக்காதீர்கள். கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டாதீர்கள். கல்யாண வீட்டு ஆட்டத்துக்காகக் கால் தூக்கி நிற்கப் பழக்குவதை இந்த வயதில் தொடவே தொடாதீர்கள். இப்போது வேண்டியது ஓட இடம், கூட ஒரு குதிரை, தினம் சில நிமிடக் கைப்பழக்கம். குளிப்பாட்டுதல், மேளச் சத்தம், தார்ப்பாய் மிதித்து நடத்தல், நின்ற வண்டியில் ஏறி இறங்குதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யலாம்.

பன்னிரண்டு மாதம் நிறைவதற்குள் ஆண் குட்டியையும் பெண் குட்டியையும் பிரித்துவிடுங்கள். பெண் குட்டி ஒரு வயதிலேயே சினைக்கு வரலாம். இனவிருத்திக்கு வைக்கப்போவதில்லை என்றால் ஆண் குட்டிக்குக் காயடிப்பது பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். ஈ தொல்லையும் வெயிலும் குறைந்த மார்கழி, தை மாதங்கள் அதற்கு ஏற்றவை. டெட்டனஸ் ஊசி முழுதாக முடிந்திருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.