மே மாதத்தில் இந்த வீடு எப்படி இருக்கும்?

ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறோம். முதலில் என்ன கேட்போம்?

வாடகை எவ்வளவு? தண்ணீர் வருமா? மழைக்கு ஒழுகுமா? சுவரில் விரிசல் இருக்கிறதா? இவற்றைத்தான் கேட்போம்.

கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. மே மாதத்தில் இந்த வீடு எப்படி இருக்கும்? இரவில் இதற்குள் படுத்துத் தூங்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பதையே வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலநிலை ஆய்வாளர் என்று பெயர். வெயில், மழை, காற்று, வெள்ளம் ஆகியவை ஊரையும் வீட்டையும் என்ன செய்யும் என்று அவர்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். நகரத்து ஏழைகளுக்காகக் கட்டும் வீடுகளில் அவர்களுக்கு என்ன வேலை? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அகமதாபாத்தில் நடந்தது

அகமதாபாத் குஜராத் மாநிலத்தின் பெரிய நகரம். அங்கே கோடை மிகவும் கடுமையானது. 2010-ஆம் ஆண்டு மே மாதம் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அந்த ஒரு மாதத்தில், வழக்கமான மே மாதத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். பின்னால் கணக்குப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது.

ஏன் உடனே தெரியவில்லை? வெள்ளம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். புயல் வந்தால் மரம் விழும். வெயில் சத்தம் போடாமல் கொல்லும். வயதானவர் வீட்டுக்குள்ளேயே மயங்கி இறந்தால், "வயதாகிவிட்டது" என்று சொல்வோம். "நெஞ்சுவலி" என்று சொல்வோம். வெயிலைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

அந்தக் கோடையில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டார்கள். பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது. அதற்கு மேலே கூரைதான். பின்னர் வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் பாதிக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

அதே ஊர். அதே வெயில். மாறியது இடம் மட்டுமே. ஒருவர் எந்தக் கூரையின் கீழ் படுத்திருக்கிறார் என்பது அவர் உயிரோடு சேர்ந்த விஷயம்.

2013-இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டத்தைத் தொடங்கியது. தெற்கு ஆசியாவில் ஒரு நகரம் இப்படித் திட்டம் போட்டது அதுவே முதல் முறை. வெப்பம் 45 டிகிரியைத் தொடும் என்றால் சிவப்பு எச்சரிக்கை. மக்களுக்குச் செய்தி போகும். மருத்துவமனைகள் தயாராக இருக்கும். இத்திட்டத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

"வெயிலில் போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள்" என்று எச்சரிக்கை சொல்லும். நல்ல அறிவுரைதான். ஆனால் வீடே அடுப்பாக இருந்தால்?

வீடு ஏன் சுடுகிறது?

தகரக் கூரை சீக்கிரம் சூடேறும். சீக்கிரம் ஆறும். காங்கிரீட் தளம் மெதுவாகச் சூடேறும். மெதுவாகத்தான் ஆறும். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது இரவில் வீட்டுக்குள் விடும். அதனால்தான் இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது.

நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. காற்று ஓடாத அறையில் வியர்வை காயாது. பகலில் உழைத்த உடம்பு இரவில் ஆற வேண்டும். இரவிலும் ஆற முடியாவிட்டால், மறுநாள் வெயிலைத் தாங்கும் பலம் குறைந்துவிடும்.

ஆய்வாளர் வருகிறார்

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அகமதாபாத்தில் ஓர் அடுக்குமாடி. குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டிய சிறு வீடுகள். மேல்மாடி வீட்டுக்கு ஆய்வாளர் வருகிறார். அவரும் ஒரு பெண். கையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. குஜராத்தில் பெண்களை மரியாதையாகப் 'பென்' என்று அழைப்பார்கள். சகோதரி என்று பொருள்.

"இது என்ன பென்? படம் பிடிக்கிற பெட்டியா?"

"இல்லை பென். இது வெப்பத்தை அளக்கும் கருவி. மணிக்கு ஒரு தடவை அறையின் சூட்டைக் குறித்துக்கொள்ளும். படம் பிடிக்காது. பேச்சையும் கேட்காது."

"சுடுகிறது என்று நான் சொன்னால் போதாதா?"

"எனக்குப் போதும். ஆனால் அலுவலகக் கோப்பில் எண் இருந்தால்தான் காரியம் நடக்கும். நீங்களும் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்."

"அப்படியானால் எழுதுங்கள். மேற்குச் சுவர் ஓரம் யாரும் படுப்பதில்லை. முன்பெல்லாம் மொட்டைமாடியில் படுப்போம். மகள் பெரியவளான பிறகு அதுவும் முடியவில்லை. சன்னலைத் திறந்தால் நேர் எதிரே பக்கத்துக் கட்டடத்துச் சன்னல். அதனால் மூடியே வைத்திருக்கிறோம்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். வரைபடத்தில் அந்த அறைக்குச் சன்னல் உண்டு. காற்று வரும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். சன்னல் ஏன் திறப்பதில்லை என்பது கருவிக்குத் தெரியாது. அந்த வீட்டில் வாழ்கிற பெண்ணுக்குத்தான் தெரியும்.

ஆய்வாளரின் வேலை என்ன?

1. அளப்பது. வெளியே எவ்வளவு சூடு, உள்ளே எவ்வளவு சூடு, இரவில் எத்தனை மணிக்குக் குறைகிறது என்று பல வாரங்கள் குறிப்பார்.

2. இடத்தைப் பார்ப்பது. மழை நீர் எங்கே ஓடும், முன்பு வெள்ளம் எதுவரை வந்தது என்று விசாரிப்பார். பள்ளமான இடத்தில் கட்டிய புது வீடும் மழையில் மூழ்கும்.

3. கட்டும் முன்பே சோதிப்பது. வீட்டின் படத்தைக் கணினியில் போடுவார். வெயில் எந்தச் சுவரில் விழும், காற்று எப்படிப் போகும் என்று பார்ப்பார். சன்னலை இடம் மாற்றிப் பார்ப்பார். கூரையை மாற்றிப் பார்ப்பார்.

4. எடுத்துச் சொல்வது. பொறியாளரிடமும் மாநகராட்சியிடமும் செலவுக் கணக்கோடு பேசுவார்.

5. திரும்பி வருவது. மக்கள் குடிவந்த பிறகு மறுபடியும் அளப்பார். தான் போட்ட கணக்குச் சரிதானா என்று பார்ப்பார்.

இவற்றில் நான்காவதுதான் கடினம். வீடு கட்டும் பணத்துக்கு எல்லை உண்டு. "இதே பணத்தில் இன்னும் பத்து வீடு கட்டலாமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீடில்லாதவர் பலர் காத்திருக்கிறார்கள். ஆனால் சன்னலுக்கு மேல் நிழல் தட்டு வைக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை யார் கட்டுகிறார்கள்? குடியிருப்பவர் மாதாமாதம் மின்கட்டணமாகக் கட்டுகிறார். மருந்துச் செலவாகக் கட்டுகிறார். வேலைக்குப் போக முடியாத நாளின் கூலியாக இழக்கிறார். கட்டும்போது மலிவு, வாழும்போது கடன் என்றால் அது மலிவான வீடு ஆகாது.

வழி உண்டு

கூரைக்கு வெள்ளை அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். இதனால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம். அகமதாபாத்தில் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை அடித்தார்கள். ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும். கழுவ வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும். இதன் பலன் கூரைக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்குத்தான் அதிகம்.

மேற்கு வெயில் தாழ்வாக வரும். அதை நிழல் தட்டு தடுக்காது. மேற்கே மரம் வேண்டும், அல்லது தட்டி வேண்டும். காற்று ஓட, ஒரு வழி போதாது. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி வேண்டும்.

குஜராத்தின் ராஜ்கோட் நகரில் 1,176 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று கட்டினார்கள். குடிசைவாசிகளுக்காகப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கட்டியது. கட்டும் முன்பே வெப்பத்தைக் கணக்குப் போட்டார்கள். சுவருக்கு, உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான கற்களை வைத்தார்கள். அந்தக் கற்கள் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். சன்னல்களை நன்றாகத் திறக்கும்படி அமைத்தார்கள். ஏழைகளின் வீட்டிலும் இதைச் செய்ய முடியும் என்று அது காட்டியது.

வீட்டுச் சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்கு மத்திய அரசு 2018-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று அதற்குப் பெயர். மாநிலங்கள் அதை ஏற்று விதியாக்க வேண்டும். தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்ந்த கூரைக் கொள்கையைக் கொண்டுவந்தது. அரசு கட்டும் ஏழைகளின் வீடுகளும் அதில் அடங்கும்.

நாம் என்ன செய்யலாம்?

நமக்குக் கணினி வேண்டாம். ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் போதும். எண் எழுதத் தெரிந்தால் போதும். அது நமக்கு இப்போது தெரியும்.

புது வீட்டுக்கு விண்ணப்பம் போடும்போது கேட்போம். வரைபடத்தைக் காட்டச் சொல்வோம். மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்போம். சன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று கேட்போம். சுவர் எழும்பிய பிறகு மாற்றுவது கடினம். காகிதத்தில் இருக்கும்போது மாற்றுவது எளிது.

சொல்லும் பொருளும்

ஆய்வாளர் - ஆராய்ந்து கணக்கிட்டுச் சொல்பவர்
வெப்பமானி - சூட்டை அளக்கும் கருவி
நெறிமுறை - இப்படிச் செய்ய வேண்டும் என்ற வழிகாட்டுதல்

பதில் சொல்லுங்கள்

1. 2010 மே மாதத்து இறப்புகள் ஏன் உடனே தெரியவில்லை?
2. பிரசவ வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதால் என்ன நடந்தது?
3. சன்னல் இருந்தும் மேல்மாடி வீட்டில் காற்று வரவில்லை. ஏன்?

செய்து பாருங்கள்

ஏழு நாட்கள், காலை 6 மணி, பகல் 2 மணி, இரவு 10 மணிக்கு வீட்டுக்கு உள்ளும் வெளியிலும் நிழலில் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். இரவு 10 மணிக்கு வெளியே 31 டிகிரி, உள்ளே 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் எவ்வளவு? உங்கள் வீட்டில் எவ்வளவு? மேல்மாடி வீட்டில் எவ்வளவு? எல்லாரும் எழுதியதைச் சேர்த்துவைத்துப் பேசுங்கள்.