டிக்கி நிறைய ஸ்பேனர், கழலாத வீல் நட்டு

கோடைக்காலத்தில் மணாலியிலிருந்து லே போகும் சாலையில் டி.என். எண் பலகைகளுக்குக் குறைவிருக்காது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்தபிறகு ரோத்தாங் ஏற்றத்தின் பயம் போயிற்று, கூட்டம் கூடிவிட்டது. கூடவே வண்டிகளின் தலைப்பாரமும் கூடிவிட்டது. கூரைமேல் கேரியர், அதில் எண்ணெய்க் கேன்கள், மண்வெட்டி, நாலடி உயர ஜாக்கி. உள்ளே நூறு உருப்படி கொண்ட டூல் பெட்டி. பல உருப்படிகள் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். இந்த மூட்டைக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் உண்டு. பாதி நம்பிக்கைகள் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடக்கூடியவை.

"நிறைய எடுத்துப்போனால் நிறையப் பாதுகாப்பு"

இருபது லிட்டர் ஸ்டீல் கேனில் டீசல் நிரப்பினால் கேனோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும். ஹை லிஃப்ட் ஜாக்கி மட்டும் 13 கிலோ வரும். இரண்டு கேன், ஒரு ஜாக்கி, இரும்புக் கேரியர் என்று கூட்டிக்கொண்டே போனால் கூரைமேல் ஓர் ஆளை உட்கார வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. பக்கச் சரிவில் வண்டி கவிழப் பார்ப்பது இதனால்தான். குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்தப் பாரம் பன்மடங்காக ஸ்பிரிங்கில் இறங்குகிறது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் முறிவது, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்குவது, கேரியரின் கால் பிய்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் பாரத்தால் வரும் வினை. உடைந்தால் சரிசெய்யலாம் என்று ஏற்றிய சாமான்தான் உடைக்கிறது.

இதில் முதல் குற்றவாளி எரிபொருள். லாஹௌலில் டண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று ஒரு பலகை உண்டு. அதன்முன் நின்று படம் எடுக்காமல் போகிறவர் அரிது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கேன் வாங்க ஓடுகிறவர்கள் ஒரு சின்ன வகுத்தல் கணக்குப் போடுவதில்லை. இப்போதைய தார் வண்டியின் டாங்க் 57 லிட்டர். ஏற்றம், கீழ் கியர் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 500-ஐத் தாண்டுகிறது. 40 லிட்டர் டாங்க் உள்ள ஜிம்னிக்குத்தான் கணக்கு இடிக்கும். அதற்கும் ஒரு 10 லிட்டர் கேன் போதும்.

அந்தக் கேனும் தண்ணீர் கேனாக இருக்கக் கூடாது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், பிளாஸ்டிக் உப்பும், மூடிவழியே பெட்ரோல் ஆவி வண்டிக்குள் நிறையும். பக்கவாட்டில் பெருக்கல் குறிபோலப் பள்ளம் அழுத்திய ஸ்டீல் ஜெர்ரி கேன் 1930-களில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவானது. அந்தப் பள்ளம் அழகுக்கல்ல. உள்ளே எண்ணெய் விரியும்போது தகரம் கிழியாமல் புடைத்துக்கொடுக்க. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷாரின் மெல்லிய தகர டின்கள் ஒழுகி ஒழுகி எரிபொருள் மண்ணுக்குப் போனது. கைப்பற்றிய ஜெர்மன் கேனைப் பார்த்துத்தான் அவர்களும் அதே மாதிரி செய்துகொண்டார்கள். கேனை நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். வண்டிக்குள் வைத்தே நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும்.

"ஸ்டெப்னி இருக்கிறது, பஞ்சர் கிட் இருக்கிறது, டயர் கவலை இல்லை"

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்விதான் பலருக்குத் தோன்றுவதே இல்லை: வீல் நட்டு கழலுமா? ஊரில் டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து நட்டை இறுக்கியிருப்பார்கள். வண்டியோடு வந்த எல் வடிவ வீல் ஸ்பேனரின் கை ஒரு சாண் நீளம். அதைப் போட்டு மேலே ஏறிக் குதித்தாலும் நட்டு அசையாது. நாலு முறை வழுக்கினால் நட்டின் முனை மழுங்கி அதற்குப்பின் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே எல்லா நட்டையும் கையால் கழற்றி, சரியான இறுக்கத்தில் மறுபடி போட வேண்டும். ஆழமான சாக்கெட் ஒன்றும் அதற்கேற்ற நீளக் கம்பியும், வேண்டுமானால் கம்பியில் மாட்ட இரண்டடி இரும்புக் குழாயும் போதும். அலாய் வீலுக்குத் திருட்டுப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மறதிக்கு அதைவிடப் பிடித்த பொருள் கிடையாது.

பஞ்சர் கிட்டின் ரப்பர் திரி, டயரின் நடுப்பகுதியில் ஆணி குத்திய ஓட்டைக்கு மட்டும். ஸ்பிதி பக்கத்துக் கூர்ங்கற்கள் அறுப்பது டயரின் பக்கச் சுவரை. அங்கே திரி நிற்காது. மணலுக்காகக் காற்றைக் குறைத்தவர்கள் கல் சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றாவிட்டால் பக்கச் சுவர் பிதுங்கிக் கல்லுக்கு நேராக நிற்கும். ஆகவே திரியைவிட ஒரு நல்ல கம்ப்ரஸருக்குத்தான் இடம் ஒதுக்குவேன்.

நாலடி ஜாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய வண்டிகளின் பிளாஸ்டிக் பம்பரில் அதைக் கொடுத்துத் தூக்க இடமே இல்லை. இருந்தாலும் தூக்கிய வண்டி பக்கவாட்டில் சரியும். பாட்டில் ஜாக்கியும் அதன்கீழ் வைக்க ஒரு கனமான பலகைத் துண்டும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யும்.

"புது பாகம் பெட்டியில் இருக்கிறதே"

இருக்கட்டும். அது உங்கள் வண்டிக்குச் சேருமா? ஃபேன் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே பெயர் கொண்ட வண்டியில்கூட ஏ.சி. உள்ளது, இல்லாதது, இரண்டு வருடம் முன் வந்தது என்று பெல்ட் நீளம் மாறும். கடைக்காரர் கொடுத்த புது பெல்ட்டை உறையோடு டிக்கியில் போட்டுக்கொண்டு போனவருக்கு அது ஒரு விரல் நீளம் குறைவு என்பது லே சாலையில் பாங் என்ற இடத்துக்குப் போய்த்தான் தெரியும். சரியான வழி தலைகீழ்: புது பெல்ட்டை ஊரிலேயே மாட்டி ஓட்டுங்கள், கழற்றிய பழையது நல்ல நிலையில் இருந்தால் அதை ஸ்பேராக வையுங்கள். அது பொருந்தும் என்பது ஏற்கெனவே நிரூபணமானது. ஹோஸ் பைப்புகளுக்கும் இதே முறைதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் கையாலேயே மாட்டினால் எந்த ஸ்பேனர் வேண்டும் என்று கை சொல்லிவிடும். 10, 12, 14, 17, 19 என்று ஐந்தாறு அளவுகளே திரும்பத் திரும்ப வரும். அவற்றில் ரிங் ஸ்பேனர், சாக்கெட், ஒரு எக்ஸ்டென்ஷன், கட்டிங் பிளேயர், இரண்டு திருப்புளி. நூறு உருப்படிப் பெட்டியில் மிச்சமிருப்பதெல்லாம் வேறு யாருடைய வண்டிக்கோ ஆனவை.

"ரேடியேட்டருக்குத் தண்ணீர் இருந்தால் போதும்"

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேலே; அங்கே 83 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். என்ஜினோ 90 டிகிரியில்தான் வேலை செய்யப் பழகியது. அப்படியிருந்தும் வண்டிகள் ஏறுகின்றன என்றால் அதற்குப் பெரும் காரணம் ரேடியேட்டர் மூடி. அந்தச் சின்ன மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகின்றன. ரப்பர் வெடித்திருந்தால் சென்னையில் ஒன்றும் தெரியாது, கணவாயில் பொங்கி வழியும். ஓட்டுநர் ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று பதறுவார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூடி ஸ்பேராக இருந்தால் அந்தப் பதற்றம் இல்லை. வெறும் தண்ணீர் ராத்திரியில் உறைந்து விரிந்தால் என்ஜின் பிளாக்கே விரிசல் விடக்கூடும் என்பதால் கூலன்ட் கலவையும் கட்டாயம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"டபிள்யூடி-40, எம்-சீல், டேப் இருந்தால் எதையும் ஒட்டலாம், எதையும் ஓட்டலாம்"

டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. நோக்கம் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலைக் காக்கப் பயன்பட்டது. நாலா எனப்படும் மலை ஓடையைக் கடந்தபின் நனைந்த மின் இணைப்புகளுக்கு அது அருமருந்து. வீல் பேரிங்கில் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். எம்-சீல் காய்ந்த, சுத்தமான பரப்பில்தான் பிடிக்கும், குளிரில் இறுக நேரமாகும். எண்ணெய் கசிந்துகொண்டிருக்கும் டாங்கில் அதை அப்பினால் வழுக்கி விழும். அதற்கு லாரிக்காரர்களின் வழி நல்லது: சாதாரணத் துணி சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பது. சோப்பு பெட்ரோலில் கரையாது. அடுத்த ஊர்வரை தாங்கும்.

ஒட்டுவேலைக்கும் எல்லை உண்டு. போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தையோ கம்பித் துண்டையோ சொருகினால் அடுத்து எரிவது வயரிங். ஃபியூஸ்கள் ஒரு தீப்பெட்டியில் அடங்கும், எல்லா ஆம்பியரிலும் இரண்டிரண்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அதேபோல, சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் பட்டையை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் போடவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைக் கொன்ற நிகழ்வுகள் உலகெங்கும் உண்டு.

"தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம், போன் போட்டுவிடலாம்"

பழைய டீசல் ஜீப் தள்ளினால் ஓடும். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டரும் எரிபொருள் பம்பும் உயிர்பெறவே பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளுவதில் உடற்பயிற்சி மட்டும்தான் மிஞ்சும். கனமான ஜம்பர் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓபிடி ஸ்கேனர் நல்லதுதான், ஆனால் எந்த சென்சார் முறையிடுகிறது என்றுதான் அது சொல்லும். குற்றவாளி பக்கத்து வயராக இருக்கலாம்.

வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்து சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். சாட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கருவியோடு வந்த வெளிநாட்டினர் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். லடாக்கில் பிற மாநில பிரீபெய்ட் சிம்மும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் கணவாய்களுக்கிடையே நீண்ட தூரம் செத்துக்கிடக்கும்.

அதனால் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் எதிரே வரும் லாரியிடமோ பஸ்ஸிடமோ சீட்டு எழுதிக் கொடுக்க நேரும். அந்தச் சீட்டில் "கிளட்ச் சிலிண்டர்" என்று மட்டும் எழுதினால் வருவது வேறொன்றாக இருக்கும். முக்கிய பாகங்களின் எண், சேசிஸ் எண், தயாரித்த ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையுறைப் பெட்டியில் வையுங்கள். போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் படம் எடுத்து வைத்தது மட்டும் போதாது.