ஜப்பான், கொரியா: படிக்கப் பணம் கிடைக்குமா?

கேள்வி: ஜப்பானிய, கொரிய மொழிகளைக் கற்று அங்கேயே ஆய்வு செய்ய உதவித்தொகை உண்டா?

பதில்: ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகை 1954 முதல் நடைமுறையில் உள்ளது. கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதாந்தரத் தொகை மூன்றும் அதில் அடங்கும். ஆய்வு மாணவர் 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள்: ஜப்பானியத் தூதரகத்தின் பரிந்துரை அல்லது அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தூதரக வழியில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடக்கும். அதில் தேறியவர் ஜப்பானியப் பேராசிரியர்களுக்குத் தாமே எழுதி, சேர்த்துக்கொள்ளும் சம்மதக் கடிதத்தைப் பெற வேண்டும். பலர் திணறுவது இங்கேதான். மதிப்பெண் மட்டும் கைகொடுக்காது. ஆய்வுத் திட்டம் கூர்மையாக இருக்க வேண்டும். 'ஜப்பானியப் பண்பாடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எடுபடாது. 'எடோ காலத்து ஒசாகா அரிசிச் சந்தை' என்றால் யாரிடம் கேட்பது என்பதாவது தெளிவாகும்.

கொரிய அரசின் 'ஜிகேஎஸ்' திட்டம் மொழி தெரியாதவருக்கும் பொருந்தும். முதல் ஓராண்டு கொரிய மொழிப் பயிற்சி. 'டோபிக்' என்ற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை எட்டிய பிறகே பட்டப்படிப்பு. ஐந்தாம் நிலையை முன்பே எட்டியவருக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை.