தட்டிப் பார்த்துக் கரி வாங்குங்கள்

புதுக்கோட்டையில் மாலை நேர கிரில் கடை நடத்துகிறேன். கடைக்கு வருகிறவர்கள் மசாலாவைப் பற்றிக் கேட்பார்கள், கோழி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். கரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நல்ல கோழியையும் கசக்க வைப்பது பெரும்பாலும் கரிதான்.

எங்கள் பக்கம் கரி என்றால் சீமைக்கருவேலங்கரிதான். ஆவுடையார்கோவில், மணமேல்குடி வட்டாரங்களில் கண்மாயையும் தரிசையும் அடைத்து நிற்கிற மரம். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போனது. ஊருக்கு எதிரியாக இருக்கலாம், அடுப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. கட்டை கெட்டி, கரி நின்று எரியும். குச்சிக் கரி சட்டென்று பிடித்துச் சட்டென்று அடங்கிவிடும். கிரில்லுக்குத் தூர்க்கட்டைக் கரியும் தடித்த உருட்டுக் கரியும்தான் சரி.

முடிந்தால் ஒரு தடவையாவது மூட்டத்துக்கே போய்ப் பாருங்கள். கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலோ ஓலையோ போர்த்தி, மேலே ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். காற்று அதிகம் போனால் கட்டை சாம்பலாகிவிடும், போகாவிட்டால் தீ அணைந்துவிடும். பக்கத்துத் துளைகளைத் திறந்தும் அடைத்தும் நாள் கணக்கில் காவல் இருக்க வேண்டும். நான் வாங்கும் மூட்டக்காரர் ஒருமுறை சொன்னார்: “வெள்ளைப் புகை வர்ற வரைக்கும் மரத்துல தண்ணி இருக்கு தம்பி. நீலமா மெலிஞ்சு வந்தாத்தான் கரி. அவசரக்காரன் அதுக்கு முன்னாடியே பிரிச்சுருவான்.” அந்த அவசரம்தான் நம் அடுப்பில் கண் எரியும் புகையாக வருகிறது. நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி தேறும். முழுக்க வேக விட்டால் எடை இன்னும் குறையும் என்பதால் சிலருக்கு மனசு வராது.

மூட்டைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து இரண்டு துண்டு எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று ஓட்டுச் சத்தம் கேட்டால் வெந்த கரி. ‘தொப்’ என்றால் வேகாதது, அல்லது நனைந்தது. உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் கறுத்து மினுமினுக்க வேண்டும். நடுவில் பழுப்பு ஓடியிருந்தால் அது இன்னும் கட்டைதான். எடைக்காகத் தண்ணீர் தெளிப்பது பழைய வித்தை. ஈரக் கரி பற்றும்போது வெடித்துப் பொறி தெறிக்கும், பக்கத்தில் நிற்கிறவர் சட்டை ஓட்டையாகும். மூட்டையை உதறினால் மண் எவ்வளவு, தூள் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னை உண்டு. சிரட்டைக் கரி கிடைத்தால் விடாதீர்கள். பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், பிடித்தால் சூடு அபாரம், சாம்பலும் குறைவு. நான் இரண்டையும் கலந்து போடுகிறேன்.

நன்றாக வெந்த கரியில் தனியாக மரவாசம் இருக்காது. கிரில்லில் நாம் ரசிக்கிற வாசம் கொழுப்பு சொட்டி எழுகிற புகையிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மரப்புகையும் வேண்டும் என்றால் காய்ந்த கொய்யாக் கட்டை ஒன்றை ஓரமாக வையுங்கள். வேம்பு வேண்டாம், கசக்கும். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுப்பதைப் பார்த்துவிட்டு, “அந்த ஓட்டைப் போட்டால் நல்லா எரியுமே” என்றார் நண்பர் ஒருவர். எரியும்தான். ஆனால் அந்த ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டாலே கொப்பளம் போடும். அதன் புகையில் இறைச்சியைக் காட்டவே கூடாது.

தூளை அழுத்திச் செய்கிற பெல்லட் விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். டீக்கடை அடுப்புக்கும் பாய்லருக்கும் விற்கிற பெல்லட்டில் கடலைத் தொலியும் மரப்பட்டறைத் தூளும் கலந்திருக்கும். பாத்திரத்துக்கு அடியில் எரிய அது போதும். புகை நேராக உணவில் படும் கிரில்லுக்கு ஆகாது. பிளைவுட் தூள் கலந்திருந்தால் பசையும் பெயின்டும் சேர்ந்தே எரியும். என்ன மரத்துத் தூள் என்று விற்பவர் சொல்லட்டும். பெல்லட் ‘படக்’கென்று ஒடிய வேண்டும், பையின் அடியில் தூள் குவிந்திருக்கக் கூடாது.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் நாரே போதும். கரி மேல் சாம்பல் பூத்த பிறகு கம்பியை வையுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்பே, புரட்டாசியில் மூட்டைகளை வாங்கி, பலகை போட்டு அதன் மேல் அடுக்கிவிடுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் அடி மூட்டை ஈரம் இழுத்துக்கொள்ளும்.