தண்ணீர்த் தாங்கி உருவாகும் விதம்

2004 மார்கழி 26இல் வந்த கடற்கோள் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை உவராக்கியது. அந்நாட்களில் பவுசரில் வந்த நன்னீரைக் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கிகளில் நிரப்பியே குடித்தோம். நாவற்குடாவிலும் அயலிலும் இன்றும் பல வீடுகளில் அத்தகைய தாங்கிகளைக் காண்கிறோம். இடம்பெயர்ந்து மீண்டும் குடியமரும் குடும்பத்துக்குத் தாங்கி பெரிய செலவு. அது செய்யப்படும் முறையை விளங்கிக்கொண்டால் வாங்கும்போது ஏமாறமாட்டோம்.

இத்தாங்கிகளிற் பெரும்பாலானவை 'சுழல் வார்ப்பு' முறையில் ஒரே துண்டாகச் செய்யப்படுகின்றன. அப்பம் சுடுவதை நினைத்துப் பாருங்கள். மாவை ஊற்றித் தாச்சியைச் சுழற்றுகிறோம். சூடான பக்கமெங்கும் மா ஒட்டிக்கொள்கிறது. இதுவும் அதுபோன்றதே.

1. தாங்கியின் உருவமுடைய வெறுமையான உலோக அச்சினுள், நிறுத்தெடுத்த பொலித்தீன் தூளை இட்டு மூடுகின்றனர்.

2. அச்சைப் பெரிய போறணையினுள் இரு திசைகளில் மெதுவாகச் சுழற்றுகின்றனர். போறணையின் வெப்பம் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ். தூள் அடியிற் புரண்டபடி இருக்க, சூடேறிய சுவர் அதனூடே கடக்கிறது. தூள் உருகிப் படை படையாக ஒட்டுகிறது.

3. பின்னர் காற்றாலும் நீராலும் ஆறவைக்கின்றனர். அப்போதும் சுழற்சியை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் உருகிய பிளாஸ்ரிக் வழிந்து ஒரு பக்கம் தடித்துவிடும். ஆறியதும் தாங்கி சற்றுச் சுருங்கி அச்சைவிட்டுக் கழருகிறது.

இந்தியாவில் குஜராத்தின் கலோல் நகரிலிருந்த புடைவை ஆலையொன்று 1975இல் பிளாஸ்ரிக் பிரிவைத் தொடங்கியது. அதன் 'சின்ரெக்ஸ்' தாங்கிகள் அந்நாடெங்கும் பரவின.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை:

• இட்ட தூளின் நிறையே சுவரின் தடிப்பு. ஒரே அளவும் வடிவமும் கொண்ட இரு தாங்கிகளில் பாரம் குறைந்தது மெல்லியது. விலையோடு நிறையையும் கேளுங்கள்.

• கறுப்பு நிறம் தருவது கரித்தூள். அது வெயிலால் பிளாஸ்ரிக் வெடிப்பதைக் குறைக்கும். ஒளி உட்புகாததால் பாசியும் பிடிக்காது.

• பொலித்தீனில் சாதாரண பசை ஒட்டாது. வெடிப்பை அதே வகைப் பிளாஸ்ரிக்கை உருக்கியே அடைக்கவேண்டும்.

• 1,000 லீற்றர் நீரின் நிறை 1,000 கிலோ. அடிப்பாகம் முழுவதும் படியும்படி, மட்டமான உறுதியான மேடையில் வையுங்கள். இடைவெளிவிட்ட பலகைகள் போதா.

• வெறுந்தாங்கி காற்றில் புரளும். 1978 கார்த்திகை 23இல் வீசிய சூறாவளியை எமது முதியோர் மறக்கவில்லை. மாரி தொடங்குமுன் தாங்கியைக் கட்டிவையுங்கள்.

• மூடியை இறுக மூடுங்கள். டெங்கு நுளம்பு தேங்கிய நன்னீரில் முட்டையிடும்.

குழுவில் கலந்துரையாட:

உங்கள் தாங்கியின் அடி முழுவதும் மேடையில் படிந்துள்ளதா? 20 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர் நீர் விழும். அதில் எவ்வளவை நாம் சேமிக்கிறோம்?